வெயிலில் பெய்த மழை

என் செல்வம் அண்ணாவுக்கு,

நீ சொல்லி வைத்துவிட்டுப் போன புது கேம் மெஷின் வந்துவிட்டது. எறணாகுளத்துக் கடைக்காரர் போன் செய்து உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். நானே படகு ஏறிப் போய் வாங்கி வந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது சந்தோஷமாக இல்லை அண்ணா, பயமாக இருந்தது.

அம்மா நம் கடையை மூடச் சொல்லிவிட்டாள். அவள் இஞ்சியைச் சுண்ணாம்பில் முக்கிக் காயப்போடுகிற பண்டகசாலையின் முதலாளி, மூட்டை அடுக்க நம் கேம் கடை அறையைக் கேட்டிருந்தார். "அவன் இல்லாத ரூம எனக்குப் பாக்க வேணாம்டி. சாவியக் குடுத்துரு" என்றாள். நீ மஞ்சள்காமாலையில் போனதிலிருந்து அந்தப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் என்ன சொல்லித் தடுப்பேன்?

சரி, மெஷினைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய். முதலில் வேகம். விளையாட்டு திறக்கக் காத்திருப்பது என்பதே போய்விட்டது. எதிர்க்கடை சாயாக்கார சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்ன அது திறக்குறதுக்குள்ள ஆளுக்கொரு சாயா போகும் மோளே, இனி நான் என்னா செய்ய?" என்கிறார். பாதியில் விட்ட ஆட்டம் மறுநாள் அதே இடத்தில் நிற்கிறது. பொத்தான்களை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். கை உடைந்து கட்டுப்போட்டிருக்கும் பக்கத்து வீட்டு அன்வர், ஒற்றைக் கையால் கார் ஓட்டி எல்லோரையும் தோற்கடித்தான். இதைச் செய்தவர்கள் யாரோ, அவர்கள் கை நன்றாக இருக்கட்டும்.

ஆனால் இதற்கெல்லாம் நீ மசிய மாட்டாய், தெரியும். படம் பளபளக்கிறது என்று யாராவது வாயைப் பிளந்தால், "படம் பாக்கணும்னா தியேட்டருக்குப் போ" என்பாய். உனக்கு ஒரே பரீட்சைதான். வாழ்நாளில் விளையாடாத ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, கன்ட்ரோலரைக் கொடுப்பாய். எல்லோரும் திரையைப் பார்க்க, நீ அவர்கள் கண்ணைப் பார்ப்பாய். அவர்கள் குனிந்து குனிந்து கையைப் பார்த்தால், பழைய மெஷினுக்குப் புதுச் சட்டை. கையை மறந்துவிட்டால்தான் புதுசு. எத்தனை மெஷினை இப்படி 'பழசு' என்று உதட்டைப் பிதுக்கி ஒதுக்கியிருக்கிறாய்!

விளையாடாத ஆளுக்கு நான் எங்கே போவது? மீன்காரர் முதல் ஆட்டோ சேட்டன் வரை எல்லோரையும் நீ உட்காரவைத்துவிட்டாய். மிச்சம் இருந்தது அம்மா மட்டும்தான். நீ கூப்பிட்டபோதெல்லாம், "என் கையில இஞ்சியும் சுண்ணாம்பும்டா, உன் சாதனம் கேடாயிரும்" என்று நழுவியவள்.

சாவி வாங்க அவளே மத்தியானம் வந்தாள். வாசலோடு நின்றாள். "அண்ணன் வாங்கச் சொன்னதும்மா. ஒரு வட்டம் பாத்துட்டு சாவிய எடுத்துக்கோ" என்றேன். என்ன நினைத்தாளோ, உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு பெண் மலைப்பாதையில் நடக்கிற விளையாட்டு. முதலில் அம்மாவும் கையைத்தான் பார்த்தாள். "எத அமுக்கணும்? இதா?" அந்தப் பெண் சரளைக் கல்லில் நடந்தபோது கன்ட்ரோலர் நறநறவென்று அதிர்ந்தது. சேற்றில் கால் புதைந்தபோது பொத்தான் இறுகிக்கொண்டது. அம்மா தலை நிமிர்ந்தாள். கண் திரையிலேயே இருந்தது.

அப்புறம் விளையாட்டில் வானம் கறுத்தது. முதல் தூறல் விழுந்தது அண்ணா, அவள் உள்ளங்கையில். இங்கொன்று அங்கொன்றாக, பிறகு சடசடவென்று. சுண்ணாம்பில் காய்ந்து மரத்துப்போன அந்தக் கைக்கும் அது தெரிந்திருக்கிறது. அம்மா கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். "எடி, மழ! இஞ்சிய வாரு, ஓடு!" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்தாள். தலையில் கிடந்த முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். சாயாக்கார சேட்டன், "என்னா அக்கா?" என்றார். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நீ போன பிறகு நான் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, உன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னைய ஏமாத்திப்போட்டான்டி. இத அவன் பாத்திருக்கணும்" என்றாள். நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து, "முதலாளிகிட்ட வேற ரூம் பாக்கச் சொல்லு" என்றாள்.

இப்போது வேலை முடிந்தால் நேரே கடைக்கு வந்துவிடுகிறாள். நேற்று வீட்டுக்கென்று கொஞ்சம் இஞ்சியைக் கடை வாசலில் உலர்த்தியிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது, நிஜ மழை. "அம்மா, இஞ்சி!" என்று கத்தினேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போடி, அது இதுக்குள்ள பெய்யுது" என்றாள். இஞ்சி முழுக்க நனைந்துவிட்டது.

இதைவிடப் புதுசாக ஒரு மெஷின் வருமா அண்ணா? வரட்டும். வருகிற ஒவ்வொன்றையும், விளையாடாத ஒருவர் கையில் முதலில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, உன்னைப் போலவே அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும்
உன் தங்கச்சி வள்ளி