வெளித்தாளை அளந்தவன்

ஏப்ரல் 12
இன்று முதல் பிலிப்பைன்ஸ் குடியரசின் பத்திரிகை நேர்மையை என் சலூன் காவல் காக்கிறது. தையல்காரரிடம் அளவு நாடா வாங்கிவந்து எங்கள் ஊர் நாளிதழை அளந்தேன். ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நிற்கும் கவர்னர் ப்ராதோவுக்கு முப்பத்தொரு அங்குலம். அடுத்த ஜனாதிபதியாகப் போகிற எங்கள் செனட்டர் லிசார்தோவுக்கு நான்கு. அதிலும் பாதி, அவர் தும்முகிற படம்.

தேர்தல் செய்தி எழுதுவது யார்? என் சொந்த அக்கா மகள் ஜோவெலின்.

ஏப்ரல் 19
ஒரு வாரத்து அளவையும் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டினேன். மேலே சிவப்பு மையில் அவள் பெயர். கூடிய கூட்டத்தில் போப்பாண்டவரே வந்திருந்தாலும் நின்றுகொண்டுதான் சவரம் செய்திருக்க வேண்டும். வழக்கம்போல, அளந்து முடிக்குமுன்பே உள்தாள், பக்கத்துக் கருவாட்டுக் கடை சியோனிக்குப் போயிற்று. அவளுக்குப் பொட்டலம் கட்ட, எனக்கு இரண்டு கருவாடு.

ஏப்ரல் 22
ஜோவெலின் வந்தாள். உட்காரவில்லை.
"மாமா, என் பேரை மட்டும் எடுத்துடுங்க. போன்ல கண்டவங்களும் மிரட்டுறாங்க."
தும்முகிற படம் போட்டபோது இது தோன்றவில்லையா என்று கேட்டேன். கடை முழுக்கச் சிரிப்பு.
"முழுப் பேப்பரையும் படிச்சீங்களா?"
எழுத்து விடாமல் படித்தேன் என்று, நீதிபதி மாதிரி, கத்தரிக்கோலை உயர்த்திச் சொன்னேன்.

ஏப்ரல் 26
யாரோ பட்டியலைப் படமெடுத்து முகநூலில் போட்டிருக்கிறான். பதினோராயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். கூலிக்கு எழுதுகிறவள் என்று தலைப்பு. கீழே அவள் வீட்டு முகவரி. முகவரி நான் எழுதவில்லை. பெயர்?

ஏப்ரல் 27
அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 29
வாசலில் நின்ற ஜோவெலினின் மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிட்டார்கள். ஓடினேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். "அளந்துட்டுப் போக வந்தியா?"

நான் என்னடா பண்ணிட்டேன்? நாடாதானே பிடிச்சேன்...

மே 2
சியோனி கட்டிக்கொடுத்த பொட்டலத்திலிருந்து செனட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாம் பக்கம். 'செனட்டர் லிசார்தோவுடன் ஒரு பகல்', எழுதியவர் ஜோவெலின். முழுப் பக்கம்.

சியோனி கடையில் மிச்சமிருந்த தாள்களையெல்லாம் வாரிவந்து அளந்தேன். நம்பாமல் இரண்டு முறை. முதல் பக்கம் ஒரு வாரம் கவர்னருக்கு என்றால் உள்பக்கம் செனட்டருக்கு, மறுவாரம் மாற்றி. கூட்டிப் பார்த்தால் செனட்டருக்கு இரண்டு அங்குலம் கூடுதல்.

சியோனியிடம் ஏன் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன். "உனக்கு வேணாம்னுதானே குடுத்தே, அண்ணே?"

ஆறு வருஷமாக.

மே 3
பட்டியலைக் கிழித்தேன். கருவாட்டு நாற்றத்தோடு உள்தாள்களை ஒட்டி, 'தவறு என்னுடையது' என்று சிவப்பிலேயே எழுதினேன். முகநூலிலும் போட்டேன். பகிர்ந்தவர்கள் ஏழு பேர். நாற்காலியில் இருந்தவர் பாதிச் சவரத்தில் எழுந்தார். "எவ்வளவு வாங்கினே, மாஸ்டர்?"

மே 9
ஓட்டுப் போட்டேன். செனட்டருக்குத்தான். விரலில் மை. தோற்றார்.

ஜூன் 6
பாதுகாப்புக்காக என்று சொல்லி ஜோவெலினை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். சியோனி சொன்னாள். உள்தாளில் ஆறாம் பக்கம், மரண அறிவிப்புகள். அங்கே எழுதுகிறவர் பெயர் போடுவதில்லை.

இன்று பதினான்கு பேர். ஒவ்வொருவரையும் இரண்டு முறை படித்தேன். சியோனிக்கு இப்போது வெளித்தாள்தான் போகிறது.