பல்வலிக்குக் கரையிறங்கியவன்

1937 ஜூலை 6, செவ்வாய்

விடியுமுன்பே மழை. குடை இருந்தும் நனைந்துதான் பள்ளிக்கூடம் போனேன். நான்காம் வகுப்பில் பாதிப் பெண்கள் வரவில்லை.

கப்பல் கம்பெனி ஏஜண்டின் பதில் வந்துவிட்டது. தம்பி தாஸ் செத்தது கப்பலில் அல்ல, மொம்பாசாக் கரையில். லீவில் இறங்கியிருந்தானாம். ஆகவே நஷ்டஈடு கிடையாது. மனு போட்டால் வஞ்சியூர் கோர்ட்டில் விசாரிப்பார்கள் என்கிறார் வக்கீல். தாஸின் மனைவி தங்கம் கையெழுத்துப் போடவேண்டும். மாட்டேன் என்கிறாள்.

"செத்துட்டாருன்னு எழுதியிருக்கதுலயா போடச் சொல்லுதீய, மைனி? நான் பாத்தனா?"

அங்கேயே அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. தந்தி வந்த அன்றும் அழவில்லை. இன்று மீன்குழம்பு. "அவருக்குப் புளி தூக்கலா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கரைத்தாள்.

ஜூலை 10, சனி

மழை விட்டது. வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, தங்கத்தின் மகள் ரோசிக்கு இருமல் மருந்து.

தாஸோடு கப்பலில் கரி அள்ளிப்போட்ட மரியான் வந்தார். சொந்த ஊர் குளச்சல். தூத்துக்குடியில் இறங்கி, ரயிலில் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்து, நேரே எங்கள் வீடு. தலை நிமிராமலே பேசினார்.

"பல்லுவலி தாங்கல்ல டீச்சர். கன்னம் வீங்கி, கஞ்சிகூட எறங்கல்ல. கப்பல்ல டாக்டரு கெடையாது. லீவு எடுத்துப் போய்ப் புடுங்கிட்டு வான்னு ஆபீசரு சொன்னாரு. புடுங்கிட்டுத்தான் திரும்பி வந்தாரு. தொறமுகத் தண்டவாளத்த தாண்டும்போ சரக்கு வண்டி பின்னால வந்துட்டு. வாயில பஞ்சு அப்படியே இருந்துது."

தங்கம் கதவைப் பிடித்து நின்றாள்.

"யாரு குளுப்பாட்டுனது?"

"நாந்தான், தங்கச்சி."

இலை போட்டு அவருக்குச் சோறு வைத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் போதும் என்ற பிறகும் வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் போனதும், "அந்த மனுக் கடலாசக் கொண்டாருங்க மைனி" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜூலை 19, திங்கள்

லீவு. தங்கத்தோடு வஞ்சியூர். பெஞ்சு ஈரம். மரியான் சாட்சி சொன்னார்.

ஏஜண்டு எழுந்து, "பல்லு பறிக்கான் போயது அயாளுடெ சொந்தம் காரியமல்லே?" என்று மலையாளத்தில் கேட்டான். பல் பிடுங்கப் போனது அவன் சொந்த வேலைதானே என்கிறான்.

விசாரணை அதிகாரி தங்கத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வதற்கு உண்டா என்று கேட்டார். பேசமாட்டாள் என்றே நினைத்தேன். எழுந்துவிட்டாள்.

"பல்லு வலிச்சா நெருப்புக்கு முன்ன நின்னு கரி போட முடியுமா சாரே? வேலைக்குத்தான திரும்பி வந்தாரு. அந்தப் பல்லு மட்டும் அவருக்குச் சொந்தம், மத்த ஒடம்பெல்லாம் கம்பெனிக்கா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கப்பலில் டாக்டர் உண்டா என்று ஏஜண்டைக் கேட்டார். இல்லை, சட்டப்படி வேண்டியதில்லை என்று பதில்.

வெளியே வந்தபின் வக்கீல் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை. சாலைக் கடைத்தெருவில் ரோசிக்குக் கண்ணாடி வளையல். காசு இருக்கிற இருப்புக்குச் சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 5, வியாழன்

தள்ளுபடி.

அதிகாரிக்கு அனுதாபம் உண்டாம். ஆனால் கப்பல் ஏணியில் கால் வைத்தால்தான் வேலை. அதுவரை அவனவன் சொந்த நேரம். இறந்தவர் ஏணிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தார், ஏணியில் இல்லை.

மாலை தங்கத்துக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். சிலதை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. முழுசும் வாசிங்க என்றாள்.

"கூப்பிடு தூரம்னா, கூப்பிட்டா கேக்குமா மைனி?"

"கேக்கும்."

"அப்ப யாராவது ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா. ஏ தாசு, வண்டி வருகுன்னு."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ரோசி பயந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. நானும் அழுதேன்.

விளக்கு வைத்தபின், மேல்மனு போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவும் நிச்சயமில்லை என்று வக்கீல் சொன்னதைச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போடுவோம் மைனி. செத்தவருக்கு நாம பேசாம வேற யாரு பேசுவா?"