சகோதரி லிஜா செய்தி அளிப்பார்

கொட்டாரம்
2-1-2012

அன்பு மருமகள் லிஜாவுக்கு,

நாகர்கோவில் கோர்ட்டில் முப்பத்தெட்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற உன் தாய்மாமன் செல்வதாஸ், சுயநினைவோடும் யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமலும் எழுதிக்கொள்வது. கீழே வரும் கதையை நீ நம்பப்போவதில்லை. உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நேரில் இருந்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் இதில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை என்று முதலிலேயே பிரமாணம் செய்துவிடுகிறேன்.

நீ புது வருடத்துக்கு அனுப்பிய டைரி கிடைத்தது. என்ன கனம்! தபால்காரர் துணைக்கு இரண்டு ஆள் வைத்துத் தூக்கிவந்தார். அதை உன் அம்மாவிடம் காட்டலாம் என்று கொண்டுபோனேன். நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள், உள்ளேயிருந்து உன் விசிட்டிங் கார்டு ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. நேசபாய் அக்கா எடுத்தாள்.

பதினாலு மாதமாக உன் பெயர் காதில் விழுந்தாலே எழுந்து போகிறவள். டாக்டர் மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேர் பெண்பார்க்க வந்து, முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், நீ சிங்கப்பூரில் ஏதோ மேடையில் நின்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாயே, அன்று மூடிய வாய். அன்றிலிருந்து உன் போனை அவள் எடுத்ததில்லை. அவள் இப்போது கார்டை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நெஞ்சு நின்றுபோய், ஏழு நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஏலே செல்வா, டெவலப்பர் எவாஞ்சலிஸ்ட்னு போட்டிருக்கு."

"ஆமா அக்கா."

"பிள்ள ஊழியத்துக்குப் போயிட்டாளா?"

நம் சபையில் எவாஞ்சலிஸ்ட் என்றால் யார் என்று உனக்கே தெரியும். வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் சுவிசேஷம் சொல்கிறவர். 'இல்லை அக்கா, இது வேறு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண் ரெண்டும் நிறைந்து நின்றது. "டெவலப்பர்னா என்னலே?" என்றாள். சாத்தான் என் நாக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அந்த நொடியில்தான்.

"டெவலப்னா வளர்க்கதுல்லா? சபைய வளர்க்க ஊழியம்," என்றேன். ஜெர்மனியில் நாலாயிரம் பேர் பனியில் முட்டுக்குத்தி நின்று உன் பேச்சைக் கேட்டதாகவும் சொன்னேன் போலிருக்கிறது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவளுக்க நம்பர் பழையதுதானா?" என்று கேட்டாள்.

இது குற்றமென்றால் நீயே தீர்ப்பு எழுது, மக்களே.

இப்படிக்கு,
கூண்டில் ஏறி நிற்கும்
செல்வதாஸ் மாமா


பெங்களூர்
16-1-2012

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று பெர்லினிலிருந்து வந்து கதவைத் திறந்தால் காலடியில் உங்கள் கடிதம். பெட்டியைக்கூட உள்ளே இழுக்கவில்லை. வாசித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள்!

அம்மா என்னைக் கூப்பிட்டாள் மாமா. நான் பெர்லினில் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கிய நேரம். திரையில் 'அம்மா' என்று பார்த்ததும், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறித்தான் எடுத்தேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. "கூட்டம் உண்டா?" என்றாள்.

"முந்நூறு பேர் இருந்தாங்கம்மா."

"கேட்டாங்களா?"

"முன்வரிசை நல்லா கேட்டுச்சு. பின்னால கொஞ்சம் பேர் தூங்குனாங்க."

"அது எல்லா இடத்திலயும் உள்ளதுதான். கை தூக்கச் சொன்னியா?"

சொன்னேன்தான். எங்கள் கூட்டங்களில் அது வழக்கம். எங்கள் மென்பொருளைப் பழகிப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள் என்போம். "நாப்பது பேர் தூக்குனாங்க," என்றேன்.

"பழச விட்டுருவாங்களா?"

"பத்துப் பேர் அடுத்த மாசத்துக்குள்ள பழச விட்டுட்டுப் புதுசுக்கு வந்துருவோம்னு சொன்னாங்கம்மா."

அந்தப் பக்கம் அழுகை. எதற்கு அழுகிறாள் என்று புரியாமலே நானும் அழுதேன். என் வேலையைப் பற்றி அம்மா இத்தனை விவரமாக விசாரித்தது அதுதான் முதல் தடவை. நேற்று உங்கள் கடிதத்தை வாசித்தபோதுதான் அந்த அழுகை புரிந்தது. நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மை. அத்தனையும் சேர்ந்து இப்படியொரு பொய்!

மாமா, எங்கள் கம்பெனி செய்யும் மென்பொருளை வைத்து வேறு ஆட்கள் புரோகிராம் எழுதுகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்கு மேடையில் செய்து காட்டுவேன். அவர்கள் திட்டினால், அந்தத் திட்டையும் வாங்கிவந்து கம்பெனியில் கொட்டுவேன். அதற்குத்தான் அந்தப் பெயர். இதில் ஊழியமும் இல்லை, உபவாசமும் இல்லை. இதை நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

இன்றைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

உங்கள்
லிஜா


கொட்டாரம்
25-1-2012

அன்பு மருமகளுக்கு,

உன் உத்தரவை நிறைவேற்ற மூன்று முறை படையெடுத்தேன். முதல் முறை அக்கா ஜெபத்தில் இருந்தாள். அடுத்த முறை போனபோது எனக்கு முன்னால் ஒரு சட்டி நெய்மீன் கறியை வைத்துவிட்டாள். வாய் நிறைய உண்மையையும் மீனையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? மூன்றாம் முறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அக்கா, ஒரு காரியம் சொல்லணும்," என்று தொடங்கியும்விட்டேன்.

"இருலே, நான் ஒண்ணு காட்டட்டு," என்று மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை நீட்டினாள். லிஜா, நான் நின்ற இடத்தில் தரை ஒரு முழம் உள்ளே இறங்கியது. இத்துடன் இணைத்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு வாசி.

'கன்வென்ஷன் கூட்டங்கள். பிப்ரவரி 17, 18, 19. நிறைவு நாள் மாலை: ஐரோப்பா, அமெரிக்கா, சிங்கப்பூர் முதலிய பதினேழு நாடுகளில் ஊழியம் செய்துவரும் நமது சபையின் மகள் சகோதரி லிஜா செய்தி அளிப்பார்.'

பதினேழு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதே. நான் ஒன்பதுதான் சொன்னேன். மீதி எட்டு நாட்டை கன்வென்ஷன் கமிட்டிச் செயலாளர் தேவகனி டீச்சர் சொந்தப் பொறுப்பில் கண்டுபிடித்திருக்கிறார். இந்த விஷயத்தில் அவருக்கு முன்னால் நான் கைக்குழந்தை.

இந்தப் பிரசங்கம் உனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று, அக்கா போனில் ஒன்றும் சொல்லாமல் கடைசி வாரம்தான் கேட்பாளாம். இப்போது அக்காவே வீடு வீடாய் ஏறி நோட்டீஸ் கொடுக்கிறாள். நேற்று பக்கத்து வீட்டு ராகேல் நடையில் நின்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. என்னால் சொல்ல முடியவில்லை, மக்களே. எனக்கு வாய்தா கொடு.

செல்வதாஸ் மாமா


பெங்களூர்
12-2-2012

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சொல்லிவிட்டேன்.

நேற்று அம்மா கூப்பிட்டு, "பத்தொன்பதாம் தேதிக்கு வெள்ளச் சேல எடுத்து வச்சிருக்கேன், வந்துரு மக்களே," என்றாள். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி 'மக்களே' என்று அவள் கூப்பிட்ட பிறகும் பொய்யில் நிற்க என்னால் முடியவில்லை. அந்தக் கார்டுக்கு என்ன அர்த்தம், பெர்லினில் எதற்குக் கை தூக்கினார்கள், எதை விட்டு எதற்கு மாறினார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் அடுக்களையில் குக்கர் நாலு விசில் அடித்தது. அதை இறக்கக்கூட அவள் போகவில்லை. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. அதிலிருந்து பதினொரு முறை கூப்பிட்டுவிட்டேன். எடுக்கவில்லை.

போதகரிடமும் பேசி மன்னிப்புக் கேட்டேன். வேறு ஆளை ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். தேவகனி டீச்சர்தான் கொதித்துப்போயிருக்கிறாராம்.

இன்னொரு வேடிக்கை. எவாஞ்சலிஸ்ட் என்றால் பல நாடுகளில் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கம்பெனியில் பெயரை மாற்றிவிட்டார்கள். இனி நான் டெவலப்பர் அட்வகேட். தயவுசெய்து ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

புதன்கிழமை சான் பிரான்சிஸ்கோ போகிறேன். பத்தொன்பதாம் தேதி அங்கே எனக்குப் பேச்சு. எண்ணூறு பேருக்கு முன்னால் நிற்க வேண்டும். எனக்கு இப்போது அம்மா ஒரு சொல் பேசினால் போதும். கோபமாகப் பேசினாலும் போதும். மறுபடி பதினாலு மாதம் என்னால் ஆகாது மாமா.

அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். இந்த ஒரே ஒரு தடவை கூட்டாமல், பெருக்காமல் எழுதுங்கள்.

லிஜா


கொட்டாரம்
21-2-2012

கனம் பொருந்திய அட்வகேட் லிஜா அவர்கள் சமூகத்துக்கு,

அட்வகேட்மார் பின்னால் ஆயுள் முழுக்கக் கேஸ்கட்டு சுமந்தவனுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு அட்வகேட்! இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, ரேஷன் கடை வரிசையில் தவிர. இன்று காலை நாராயணபெருமாள் பத்திரக்கட்டோடு வந்து, அவனுடைய வரப்புத் தகராறுக்கு நீ எப்போது ஆஜராவாய் என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

இனி, நீ கேட்டபடி கலப்படமில்லாமல்.

ஞாயிறு மாலை. பந்தலில் ஐம்பதாயிரம் பேர். தோவாளைச் சந்தையில் ஒரு முழம் பூ மிச்சமில்லை, அத்தனையும் நம் மேடையில். கன்னியாகுமரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அஸ்தமனத்தை விட்டுவிட்டு இங்கே ஓடிவந்தார்கள். பார்க்க ஆளில்லாததால் சூரியனும் மறையாமல் காத்துக்கிடந்தது. தேவகனி டீச்சர் மைக்கைப் பிடித்து, "இந்த நோட்டீசில் உள்ள லிஜா நம் சபையையே ஏமாற்றிவிட்டாள், சபைப் பட்டியலில் அவள் பேரை வெட்ட வேண்டும்!" என்று முழங்கினார். அப்போது கூட்டம் இரண்டாய்ப் பிளந்தது. நடுவே உன் அம்மா வந்தாள். மேடை ஏறினாள். மைக்கைப் பறித்தாள்.

"டீச்சர், எனக்க மவ யாரையும் ஏமாத்தல," என்றாள். "அவ கம்ப்யூட்டர் வேலை செய்யுகவங்களுக்கு வழி சொல்லிக் குடுக்கா. ஆள் தெரியாத ஊர்ல ஒத்தையில நிண்ணு பேசுகா. உங்களுக்கு இங்கன நிண்ணு அறிக்கை வாசிக்கதுக்கே கால் விறைக்கும். உண்மைய எங்கிட்ட சொன்னதும் அவதான். புளுகுனது எனக்க தம்பி, அந்தச் சவம். பேரை வெட்டணும்னா அவனுக்க பேரை வெட்டுங்க."

ஐம்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். விவேகானந்தர் பாறை வரை எதிரொலி கேட்டது.

சரி. இதற்கு மேல் எழுத முடியவில்லை, லிஜா. நீ கூட்டாமல் எழுதச் சொன்னாய். கை பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. மேலே உள்ளதை அடித்துவிட்டு இதை வாசி.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் நூற்றிருபது பேர் இருந்தால் அதிகம். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு போதகர் வந்து பேசினார். அக்கா கூட்டத்துக்கே போகவில்லை. நானும் போகவில்லை, போனால் தோலை உரித்திருப்பார்கள். மேடை, மைக், சூரியன் எல்லாம் என் கைச்சரக்கு.

ஆனால் சனிக்கிழமை காலையில் தேவகனி டீச்சர் வீட்டுக்கு வந்தது வாஸ்தவம். அக்கா கொல்லையில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி உன்னைப் பேசினார். நான் அந்த நேரம் வாழைமூட்டுக்குப் பின்னால், வீரமாக, ஒளிந்திருந்தேன். அக்கா எழுந்தாள். அவள் கையெல்லாம் செதிள். மேலே எழுதிய அந்தப் பேச்சு சொல் பிசகாமல் நடந்ததா என்றால், இல்லை. டீச்சரின் கால் விறைப்பது நான் சேர்த்தது. என்னைச் சவம் என்றதைவிட மோசமாக ஒன்று சொன்னாள், அதை மாற்றி எழுதியிருக்கிறேன். டீச்சர் போன பிறகு மறுபடி உட்கார்ந்து மீதி மீனை வெட்டினாள். உன்னைப் பற்றி வேறு பேச்சு இல்லை. எனக்கு நாலு நாளாகச் சோறும் இல்லை.

இந்த ஞாயிறு ஒருமுறை கூப்பிட்டுப் பார். எடுப்பாளா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்று நான் எழுதிக்கொடுப்பது இதுவே முதல் தடவை.

'எனக்க மவ' என்று சொன்னாள், மக்களே. அது மட்டும் நான் சேர்க்கவில்லை.

செல்வதாஸ் மாமா