பதினொரு மணிக்கு வருகிறவர்

சரியாக நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைதான் என்று நினைக்கிறேன். எதிர் நாற்காலியில் நீ ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. "இடது கண்ணுல நிழல் விழுது" என்று நீ முதலில் சொன்னது உன் அச்சகத்து நண்பரிடம். எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "நீங்க படிச்சிட்டு இருந்தீங்க" என்றாய்.

நீ சாப்பிடும் புற்றுநோய் மாத்திரையால் கண்ணின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று சொன்ன டாக்டர், "மூணு நாள் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று என்னைத்தான் பார்த்தார்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சொட்டு மருந்து பத்து மணிக்கு. காலிலும் அடைத்துக்கொள்ளலாமாம், வீங்கினால் உடனே போன் செய். மூன்று மணிக்குக் கண்ணில் ஊசி. ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு இரண்டுக்கெல்லாம் வந்துவிடுவேன்.

பதினொரு மணிக்கு அந்த அச்சகத்து நண்பர் உனக்கு நாவல் வாசிக்க வருவார். நல்ல குரல்தான், அதுதான் வயிற்றெரிச்சல். நேற்று நீ சிரித்தது சமையலறைவரை கேட்டது. இந்தச் சீட்டை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. வலது கண்ணுக்கு எட்டட்டும் என்றுதான் இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன்.

பி.கு.: கடைசி அத்தியாயத்தை எனக்கு விட்டு வை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படித்துப் பழகுகிறேன். நாக்கு தடுமாறுகிறது.

இன்னொன்று: மகளிடம் உன் கண் விஷயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழுதாள், நாளைக்கு வருகிறாள். அவர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். இன்று ஊசிக்குப் பிறகு வீட்டில் நீயும் நானும்தான்.