அவள் பேரில் ஓடிய கார்

பிப்ரவரி 11

ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை ஷிஃப்ட் எனக்கு நிலையாகிவிட்டது. அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. இதுவரை கூட வேலை செய்பவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வேறு ஷிஃப்ட்டுக்கு மாறுகிறார். வீட்டில் இருக்கும் கார் என் மனைவிக்கே வேண்டும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ், கார் இல்லாமல் அவளுக்கு வேலையே இல்லை.

ஆகவே இன்று ஒரு பழைய சிவப்புக் காருக்கு விலை பேசி முடித்தேன். கிழட்டுக் கார்தான், எஞ்சின் சத்தம் மட்டும் சுத்தம். எனக்குச் சொல்ல வேண்டுமா? ஊரில் இருபத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன். தொழிற்சாலையிலும் என்னை எல்லோரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். (நானே சொல்லி வைத்ததுதான்.)

பிப்ரவரி 13

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன். எல்லா இடத்திலும் ஒரே பாட்டு. கடைசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "இங்க எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?" இங்கே இல்லை, வெளிநாட்டு லைசென்ஸ், அங்கே இருபத்திரண்டு வருஷம் என்றேன். "அப்ப அனுபவம் பூஜ்யம்னு போட்டுக்கறேன் சார்."

டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொகையைச் சொன்னாள். காரின் விலையை விட அதிகம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பணம் கூடப் பெரிசில்லை. பூஜ்யமா நான்? மனைவி என்ன ஆச்சு என்று கேட்டாள். "நாளைக்குக் கூப்பிடச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 15

மச்சினன் வந்திருந்தான். எல்லாவற்றுக்கும் குறுக்குவழி வைத்திருப்பவன்.

"அக்கா பேர்ல போடுங்க அத்தான். ஆறு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டுறாங்க. நீங்க எப்பவாவது எடுக்கறதா ரெண்டாவது பேரா சேர்த்துக்குங்க. பாதிக்கு மேல குறையும்."

தப்பில்லையா என்றேன்.

"இந்த வீட்டு வாடகை யார் பேர்ல? கரண்ட் யார் பேர்ல? எல்லாம் அக்கா பேர்லதானே. இதையும் சேர்த்துக்கங்க."

உண்மைதான். இந்த நாட்டுக்கு முதலில் வந்தவள் அவள். யார் பேரில் இருந்தால் என்ன, குடும்பம் ஒன்றுதானே?

பிப்ரவரி 16

போட்டாயிற்று.

ஆன்லைன் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இந்தக் காரை அதிகம் ஓட்டுபவர் யார்?' அவள் பேரை அழுத்தினேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "உன் பேர்ல போட்டுடவா?" "ம், போடுங்க." அவ்வளவுதான் பேச்சு.

அந்தக் கேள்வியைப் பற்றி ஏன் அவளிடம் சொல்லவில்லை? சின்ன விஷயம் என்பதாலா? இல்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

மார்ச் 9

கார் நன்றாக ஓடுகிறது. நானும்.

ஏப்ரல் 2

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை இன்று தொழிற்சாலை வாசலில் சறுக்கியது.

ரிவர்ஸ் எடுத்தேன். இங்கே ஸ்டியரிங் மாறிய பக்கம். கை பழகிவிட்டது, கழுத்து பழகவில்லை. ஊர்ப் பழக்கத்தில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் சூப்பர்வைசரின் புதுக் கார் நின்றது. கதவு முழுக்க உள்ளே போய்விட்டது.

அவர் தங்கமான மனுஷன். "விடுங்க, இன்சூரன்ஸ் இருக்குல்ல" என்றார். மாவு பிசைகிறவர்களில் ஒருவன்தான், "மாஸ்டர், உங்க ஸ்கூல்ல ரிவர்ஸ் பாடம் கிடையாதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது.

ஏப்ரல் 7

கம்பெனியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பேரில்தானே இருக்கிறது. டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்தவள், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காரை வழக்கமா ஓட்டுறது நீங்கதானே மேடம்?"

கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா. நான்தான்."

"அன்னைக்கு மட்டும் உங்க வீட்டுக்காரர் எடுத்திருக்கார்?"

"ஆமா."

ஐயோ. மருந்து கசக்குமா என்று நோயாளி கேட்டால் கசக்கும் என்றுதான் சொல்வாள். அவளைப் போய்... நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு.

வெகுநேரம் கை கழுவினாள். பிறகு, "என்னைக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

ஏப்ரல் 8

மச்சினன் போனில், "அக்கா சமாளிச்சிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றான்.

அவள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். "பொய்னு தெரிஞ்சா என் பேரைக் குறிச்சு வச்சிடுவாங்க. அப்புறம் என் காருக்கும் எவனும் இன்சூரன்ஸ் தர மாட்டான். நான் எப்படிங்க வேலைக்குப் போவேன்?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 9

வேலையில் மனசே இல்லை. ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கிவிட்டேன்.

பூஜ்யம் என்று ஒருத்தி சொன்னதைத் தாங்க முடியவில்லை. அதற்காக, பெண்டாட்டி இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த நல்ல பேரை அடகு வைத்திருக்கிறேன். அதுவும் அவளுக்கே தெரியாமல். நீயெல்லாம் ஒரு வாத்தியாரா?

ஏப்ரல் 10

கம்பெனிக்கு நானே போன் செய்தேன். பதில்களைப் போட்டது நான், தினமும் ஓட்டுவது நான், அவளுக்கு எதுவும் தெரியாது, போனில் சொன்னது என்னைக் காப்பாற்ற. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எதிர்முனையில் இருந்தவர், "இதை ஏன் சார் இப்ப சொல்றீங்க?" என்றார். "எனக்கு இந்த வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். அவ வேலையில கை வைக்காதீங்க" என்றேன். அவருக்கு அதில் என்ன புரிந்ததோ.

அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், மடையன்.

"இதையும் என்னைக் கேக்காமத்தான் செஞ்சீங்களா?"

ஏப்ரல் 24

முடிவு வந்தது. சிவப்புக் காரின் இன்சூரன்ஸ் ரத்து. என் பேரில் குறிப்பு. இடையில் அவளையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவளும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். அவள் பேரில் எதுவும் எழுதவில்லை. அவளுடைய கார் அப்படியே ஓடலாம்.

மூச்சு வந்தது.

சூப்பர்வைசரின் கதவுக்கு என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவரே பகல் ஷிஃப்ட்டும் கொடுத்தார். கூலி குறைவு, ஆனால் பஸ் உண்டு.

மே 19

சிவப்புக் காரை விற்றாயிற்று. அவள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஜூலை 3

ஊர் லைசென்ஸ் இனி இங்கே செல்லாது, கெடு முடிந்தது. புதிதாகக் கற்றுக்கொண்டு டெஸ்ட் கொடுக்க வேண்டும். இந்த முறை அவளைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "என் கார்லயே பழகுங்க" என்றாள். கம்பெனியிடமும் எல்லாவற்றையும் சொல்லித்தான் என் பேரைச் சேர்த்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம்தான் கூடுதல். வாத்தியாருக்கு யானை விலை, கத்துக்குட்டிக்குக் கடலை விலை!

எல் போர்டை நானே ஒட்டினேன். தெருமுனையில் மாவு பிசைகிறவன் பார்த்துவிட்டான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். "ரோட்டைப் பாருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17

காலை முழுக்க அவளுக்கு டியூட்டி. மதியம் கடைக்குப் போய்விட்டு வந்தோம், நான்தான் ஓட்டினேன். நான் ஓட்டும்போதெல்லாம் அவள் ஒரு கையை ஹேண்ட்பிரேக் மேலேயே வைத்திருப்பாள். இன்று பாதி வழியில் அந்தக் கை மடிக்கு நழுவியது. பார்த்தால், ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள்.

பக்கத்தில் இருப்பவர் விழித்திருந்தால்தான் நான் ஓட்டலாம். ஓரமாக, மர நிழலில் நிறுத்தினேன். எழுப்ப மனசு வரவில்லை; சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளோ என்று எஞ்சினையும் அணைக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் திடுக்கிட்டு எழுந்தாள். "ஏன் நிக்குது? ரிப்பேரா?"

"நீ தூங்கிட்ட. நீ தூங்கினா நான் ஓட்டக்கூடாது."

என்னையே பார்த்தாள். பின்னால் இருந்த பைகளைப் பார்த்தாள்.

"ஐஸ்கிரீம் உருகிப் போயிருக்கும்."

"போயிருக்கும்."

"அப்ப என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

எஞ்சினை அணைத்தேன்.