வலை விரித்து மூடிய பொதுக்கூட்டம்

விடுநர்
பெ. செங்கல்வராயன் (வயது 44),
வீட்டு எண் 17, மீனவர் அரசுக் குடியிருப்பு,
தோணிமேட்டுக் குப்பம், பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம், காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் குப்பத்து அரசு வீடுகள் நாற்பதையும் விற்பது குறித்துக் கதவைச் சாத்தி நடத்தப்பட்ட பொதுக்கூட்டத்தை ரத்து செய்து, 12-9-1983 அன்று நடக்கவிருக்கும் ஏலத்தை நிறுத்தக் கோருவதும், மேற்படி கதவைச் சாத்தியவன் நானே என்று ஒப்புக்கொள்வதும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

1. நான் ஏரியில் வலை போட்டுப் பிழைப்பவன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எங்கள் குப்பத்தில் அது பெரிய படிப்பு. ஊரில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொடுப்பார்கள். நானும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, புரியாத இடத்தில் தலையை ஆட்டிச் சமாளிப்பது வழக்கம். அடுத்து வருவதைப் படிக்கும்போது ஐயா அவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டுகிறேன்.

2. முன்பு அடித்த புயலில் எங்கள் குடிசைகள் போனபின், அரசு எங்களுக்கு நாற்பது ஓட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தது. பன்னிரண்டு வருடமாக அவற்றில்தான் குடியிருக்கிறோம். அந்த வீடுகளைக் குடியிருப்போருக்கே அரசு விற்கப்போவதாகவும், அதற்கான பொதுக்கூட்டம் 9-8-1983 காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் நடக்கும் என்றும் தண்டோரா போட்டார்கள். அன்று ஏரிக்கு ஒரு படகும் போகவில்லை. பெண்கள் பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டினார்கள். என் மனைவி கஸ்தூரியம்மாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

3. இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுச் சீட்டு எடுக்கும்போது பெரியவர்கள் உள்ளே இருப்பார்கள். கதவு சாத்தியிருக்கும். வாசலில் குறுக்கே ஒரு வலையை விரித்து, பக்கத்தில் ஒருவன் உட்காருவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வலையைத் தூக்கி ஆளை உள்ளே விடுவான். கூப்பிடாமல் தாண்டினவனுக்கு அந்த வருடம் பாடு கிடையாது. விரித்த வலையைத் தாண்டும் ஆள் எங்கள் குப்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆறு வருடமாக அந்த வாசலில் உட்காருபவன் நான்.

4. அன்று வீடு விற்பனைக்கென்று வந்த தனி அலுவலர், காற்றில் காகிதம் பறக்கிறது, கதவைச் சாத்து, தேவைப்படும்போது கூப்பிடுகிறோம் என்று என்னிடம் சொன்னார். கதவைச் சாத்தத்தான் சொன்னார். வலையை விரிக்கச் சொல்லவில்லை. அது என் சொந்த முயற்சி. வீட்டுக்கு ஓடிப்போய், இருப்பதிலேயே நல்ல வலையைக் கொண்டுவந்து வாசலில் விரித்து, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். வலையைப் பார்த்ததும் நாற்பது குடும்பமும் பேச்சை நிறுத்திவிட்டு மணலில் வரிசையாக உட்கார்ந்தது. பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வெயிலில் அப்படியே இருந்தோம். அழுத பிள்ளைகளைக்கூட நான் கண்ணை உருட்டி அடக்கினேன்.

5. வீட்டு எண் 9இல் இருக்கும் ராஜாத்தி மட்டும் இரண்டு முறை எழுந்து வந்தாள். அவள் கணவன் தசரதன் போன வருடம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். வீடு இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்க வந்தாள். "ஒரே ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடறேண்ணா"ன்னு கெஞ்சினாள். "ஐயா கூப்புடுவாரு, போயி குந்து"ன்னு விரட்டினேன். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகவே விரட்டினேன். அதிகாரம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

6. ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது. கூட்டம் முடிந்தது, தகவல் வரும் என்றார் அலுவலர். படித்தவர் யார் என்று கேட்டார். ஊரே என்னைக் கைகாட்டியது. கூட்டம் நடந்ததற்குச் சாட்சி என்று ஒரு தாளை நீட்டினார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைத் தேடுவது கௌரவமாக இருக்காது என்று, படிக்காமலே அழகாகக் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு கட்டுப்பாடான ஊரைப் பார்த்ததில்லை என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜீப் போகும் வரை வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பத்து நாள், பார்த்தவரிடமெல்லாம் அந்தக் கை குலுக்கலைப் பற்றியே பேசினேன்.

7. பதினோராவது நாள் சங்கச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கருவாடு வாங்க வந்த பழவேற்காடு அப்துல் ஹை பாய் அதை உரக்கப் படித்தார். மூன்று பொதுக்கூட்டங்கள் நடத்தியும் குடியிருப்போர் எவரும் ஆஜராகவில்லை, எவருக்கும் வாங்க விருப்பமில்லை என்று கொள்ளப்படுகிறது, ஆகவே நாற்பது வீடுகளும் பொது ஏலத்தில் விடப்படும் என்று இருந்தது. யாருமே வரவில்லை என்பதற்குச் சாட்சியாகக் கீழே என் பெயர். பாய் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

8. முதல் இரண்டு கூட்டங்களும் அனுப்பம்பட்டில் ஒரு தனியார் பங்களாவில் நடந்தனவாம். அதற்கான அறிவிப்பு அங்கே ரயில் நிலையத்தருகே ஒட்டப்பட்டதாம். எங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறுவது மீன் கூடைகள்தான். அந்தக் கூட்டங்களின் கதவுகளைச் சாத்தியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை என்பது மட்டும் உறுதி. மூன்றாவது கூட்டத்தில், சவுக்குத் தோப்புப் பக்கமிருந்த பின்வாசல் வழியாக, இறால் வியாபாரம் செய்யும் வெளியூர்க்காரர் நால்வர் உள்ளே போய் வந்திருக்கிறார்கள். கட்டடத்துக்குப் பின்வாசல் இருப்பதே காவல்காரனான எனக்கு நினைவில்லை. அலுவலர் சன்னல் வழியாகப் பார்த்திருந்தால் எங்கள் தலைகள் தெரிந்திருக்கும். பொதுமக்கள் என்றால் வேறு மாதிரி இருப்பார்கள் என்று எண்ணினாரோ என்னவோ. அவர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

9. இப்போது என் வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதை வருமாறு: "வூட்ட வித்ததுக்கு நீயே சாச்சி போட்டுக்கினு வந்துகீறியே, இன்னா மனுசன்யா நீ"ன்னு தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் கேட்கிறாள் என் மனைவி. படகில் என்னோடு வரும் கங்காதரன் வலையைப் பிரிக்கும்போதெல்லாம் "இதுல உள்ள வரலாமாண்ணா"ன்னு என்னிடம் அனுமதி கேட்கிறான். இவற்றை நான் தாங்கிக்கொள்வேன். ராஜாத்தி மட்டும் இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த மனு இவ்வளவு நீளமாக இருந்திருக்காது.

10. ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து,
(அ) நாங்கள் வந்திருந்தோம், வாசலில் இருந்தோம் என்பதை ஏற்று ஏலத்தை நிறுத்தவும்;
(ஆ) குடியிருப்போர் விருப்பத்தைக் கேட்கும் கூட்டத்தை மறுபடியும், சுவரே இல்லாத இடத்தில், ஏரிக்கரையில் நடத்தவும்;
(இ) அதில் எனக்கு எந்தப் பொறுப்பும் தராதிருக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். இதில் (இ) ஊரார் ஒருமனதாகச் சேர்க்கச் சொன்னது.

மற்ற முப்பத்தொன்பது வீட்டாரின் கையொப்பமும் கைரேகையும் தனித் தாளில் இணைத்துள்ளேன். இம்முறை அவர்களுக்கு மனுவைப் படித்துக் காட்டிய பிறகே வாங்கினேன். கீழே வருவது அதன்பின் நான் தனியாகச் சேர்த்தது.

11. கூட்டத்துக்கு ஒருவருமே வரவில்லை என்று எழுதிய தாளை மாற்ற விதியில் இடமில்லை என்றால், வராதவன் நான் ஒருவன் என்று திருத்திக்கொள்ளுங்கள். 17ஆம் எண் வீட்டை ஏலத்தில் விட்டுவிட்டு, 9ஆம் எண் வீட்டை ராஜாத்தி பெயருக்கு எழுதிக் கொடுங்கள். இந்தப் பத்தி என் மனைவிக்குத் தெரியாது. விசாரணைக்கு எங்கள் ஊருக்கு வரும்போது இதை மட்டும் உரக்கப் படிக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தோணிமேட்டுக் குப்பம்
நாள்: 29-8-1983

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
பெ. செங்கல்வராயன்
(கண்ணாடி போட்டு, படித்துப் பார்த்து இட்ட கையொப்பம்)