முடிச்சு மாறிய நோயாளர் ஓலைகள் குறித்து வெண்கழி நாட்டின் மறுமொழி

கழிக்கரை அம்மையின் திருவிளக்கு அணையாது எரிக. கோமகன் நெடுவேளின் வெண்குடை எவர் தலையையும் வெயிலில் விடாது நிழல் தருக.

கோமகன் அருளால் வெண்கழி நாட்டைக் காத்து நிற்கும் பூதி நங்கை, பொன்னலைப் பேரரசின் பேரமைச்சரும் மருத்துவப் பேரவையை நிறுவிய பெருந்தகையுமாகிய கூத்தன் மதிவாணர் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் நகரில் ஆறு நிறைந்து ஓடுக. தங்கள் இல்லத்தில் நோயென்று படுப்பவர் எவரும் இல்லாதிருக்க. இங்கே உப்பு நன்றாக விளைகிறது. மக்கள் நலமாக இல்லை.

தாங்கள் விடுத்த ஆணை ஓலையைத் தலைமேல் வைத்து வணங்கியே படித்தேன். பிணி தீர்க்கும் எங்கள் ஆதுலர்சாலையில் எஞ்சியிருக்கும் நோயாளர் ஓலைகளையும் படியெடுத்து அனுப்புக என்று பணித்தீர்கள். ஓலைகளை ஏன் அவிழ்த்தீர்கள் என்று மக்கள் கேட்டால், கறையான் அரிக்காதிருக்க எண்ணெய் பூசினோம் என்று சொல்லுக என்றும், உள்ளதைச் சொன்னால் அறியாக் குடிகள் அஞ்சி அத்தனை ஓலையையும் மறுத்துவிடுவர் என்றும் எழுதியிருந்தீர்கள். பேரமைச்சரே, முதற்பணியை இப்போதைக்குச் செய்ய மாட்டேன். இரண்டாம் பணியை எப்போதும் செய்ய மாட்டேன். மறுப்பவள் காரணம் சொல்லக் கடமைப்பட்டவள் ஆதலால் எழுதுகிறேன்.

தங்கள் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மழைக்காலந்தோறும் குளிர்சுரம் சில ஊர்களில் புகுகிறது, அடுத்த ஊரைத் தொடாமல் போகிறது. எல்லா நாட்டு ஆதுலர்சாலை ஓலைகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், எந்த நீர் நோய் தருகிறது, எந்த வேர் அதைத் தணிக்கிறது என்று பேரவை மருத்துவர்கள் கண்டுகொள்ளக்கூடும். அது நடக்க வேண்டும் என்று அம்மையின் முன் நானும் வேண்டுகிறேன். நல்லதைச் செய்பவர் ஏன் பின்வாசலால் வர வேண்டும் என்பது மட்டுமே என் வழக்கு.

எங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். ஆதுலர்சாலையில் நோய் நீங்கிப் போகிறவர், தம் நோயும் மருந்தும் எழுதிய ஓலையைத் தம் கையாலேயே கயிறிட்டு முடிந்து அம்மை விளக்கின் முன் வைத்துவிட்டுப் போவார். மறுமுறை நோயுற்று வந்தால் அவரே அவிழ்த்து மருத்துவரிடம் கொடுப்பார். உப்பளத்தார் உப்புப் பொதியை முடிவதுபோல் முடிவார்கள். வலைஞர்கள் வலைக்கண் முடிச்சு இடுவார்கள். முடிச்சைப் பார்த்தே ஓலை எந்தக் குடிக்கு உரியது என்று சொல்லிவிடலாம்.

சென்ற மாசியில் தங்கள் எழுத்தர்கள் வந்தார்கள். மருந்துச் சரக்கைச் சரிபார்க்க வந்ததாக எங்கள் மருத்துவர் அரையன் சாத்தனிடம் சொன்னார்கள். அம்மை விளக்கு எரியும் அறைக்குள் அமர்ந்து ஓலைகளை அவிழ்த்துப் படியெடுத்தார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். ஓலைகளைச் சிதறவிட்டுப் போகாமல் ஒவ்வொன்றையும் மரியாதையோடு மீண்டும் கட்டியே வைத்தார்கள். அரண்மனை எழுத்தர் கட்டும் முடிச்சால், எல்லாவற்றையும் ஒரே அழகாக!

மழை தொடங்கியதும் உப்பளத்துப் பெண் கொற்றி, சுரத்தில் கொதிக்கும் தன் கைக்குழந்தையோடு ஆதுலர்சாலைக்கு வந்தாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே ஓலைக்கட்டு. சாத்தன் அதை எடுத்து நீட்டினார். கொற்றி முடிச்சைப் பார்த்தாள். அது அவள் இட்ட முடிச்சன்று. கட்டைத் தரையில் வைத்துவிட்டு, குழந்தையை மருந்தில்லாமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் உப்பளம் முழுவதும் செய்தி பரவியது. நோயுள்ளவன் உப்புப் பாத்தியைப் பிடுங்கப் போகிறார்கள் என்றார் ஒருவர். பெண் கேட்டு வருகிறவர்களுக்கு ஓலை விற்கிறார்கள் என்றார் மற்றொருவர். அதன்பின் சுரத்தோடு எவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பாய்கள் விரித்தபடி கிடந்தன.

அந்த வேளையில்தான் தங்கள் எண்ணெய்க் கதை வந்து சேர்ந்தது.

நான் கொற்றியின் பாத்திக்கு நடந்து போனேன். அங்கே பேசியதை அரசவைத் தமிழில் திருத்தி எழுதுவதே முறை. திருத்தினால் அதுவும் ஒருவர் முடிச்சை அவிழ்த்து வேறு முடிச்சுப் போடுவதாகும் என்பதால், அவள் சொன்னபடியே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

ஓலைகளை எழுத்தர்கள் பார்த்ததையும், படியெடுத்துத் தலைநகருக்குக் கொண்டு போனதையும், எதற்காக என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். கொற்றி உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்கவில்லை.

“இப்ப நீங்க எதுக்கு வந்தீங்க நாச்சியா? எடுத்தது தப்புன்னு சொல்லவா, எடுத்தது நல்லதுக்குன்னு சொல்லவா?” என்றாள்.

இரண்டையும் சொல்ல என்றேன்.

“நல்லாருக்கே! தூங்குறப்ப என் கொண்டைய அவுத்துப் பாத்துட்டு, ‘முன்னவிட அழகா முடிஞ்சு விட்டேன்டி’ன்னு சொல்றாப்ல இருக்கு. கேட்டிருந்தா நானே அவுத்துக் காட்டியிருப்பேனே. எம்புள்ள சுரம் இன்னொரு புள்ளைக்கு வராம போகும்னா, நான் என்ன வேணாம்னா சொல்லுவேன்? அந்த ஒரு வார்த்தை கேக்க உங்க ஆளுகளுக்கு வாயி வலிச்சுதா?”

இதற்கு மறுமொழி தங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புக.

அவளை ஆதுலர்சாலைக்கு வா என்று நான் அழைக்கவில்லை. சாத்தனைத்தான் அவள் குடிலுக்கு அழைத்து வந்தேன். அவர் கஞ்சிக் கலயத்தைத் தாமே சுமந்து வந்தார். எழுத்தாணியைக் கொண்டு வரவில்லை, அதைக் கொற்றி பார்க்கட்டும் என்று இடைக்கச்சை உதறியும் காட்டினார். அவர் நிலவேம்புக் கசாயத்தை ஊற்றப் போனபோது கொற்றி கையைப் பிடித்துத் தடுத்தாள். போன ஆண்டு அதைக் குடித்துத்தான் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்தது, ஓலையில் எழுதியிருக்குமே என்றாள். சாத்தன் கசாயத்தைக் கொட்டிவிட்டு வேறு மருந்து குழைத்தார். அந்த ஓலை எதற்காக எழுதப்பட்டது என்பது இருவருக்கும் அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது.

மறுநாள் உப்புச் சந்தையில் முரசறையச் சொன்னேன். அறிவிப்பை முரசறைவோனிடம் விடாமல் ஒரு வண்டியின் மேல் நின்று நானே சொன்னேன். எடுத்தது என்ன, எவர் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள், எவரிடம் காட்டக்கூடாது என்பதையெல்லாம் சொன்னேன். இசையாதவர் ஓலையை எவரும் தொடார், இசையாததால் அவருக்கு ஒரு வேளை மருந்தும் குறையாது என்று அம்மைமேல் ஆணையிட்டேன். அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஏசியவர்களும் இருந்தார்கள். வண்டிக்காரன் மாசாத்தன் எழுந்து கேட்டதை மட்டும் இங்கே வைக்கிறேன்:

“எனக்கு உக்கார முடியாத வியாதி. அது இந்தச் சந்தைக்கே தெரியும். ராசாவுக்கும் தெரிஞ்சா எனக்கென்ன மெத்தையா அனுப்பப் போறாரு?”

சந்தையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவன் தணிந்த குரலில், “பேரை மட்டும் எடுத்துருங்க நாச்சியா. மத்தத ராசா வச்சுக்கட்டும்” என்றான்.

அதுவே எங்கள் நாட்டுச் சட்டமாயிற்று. பெயரும் குடியும் நீக்கிய படியே வெண்கழியைவிட்டு வெளியே போகும். மக்கள் அத்தனை ஓலையையும் மறுப்பர் என்றீர்கள். பேரமைச்சரே, பெரும்பாலோர் கொடுத்தார்கள். மறுத்தவர்கள் மறுத்தார்கள். அவர்களும் மறுநாள் சுரத்தோடு வந்து எங்கள் பாயில் படுத்தார்கள். பாய்கள் இப்போது நிரம்பியிருக்கின்றன. நோயாளர் நிரம்பியதற்கு ஒரு நாட்டுத் தலைவி மகிழ்ந்து விளக்கேற்றியது இதுவே முதல்முறையாக இருக்கும்.

ஆகவே என் முடிவு இது. மாசியில் எடுத்த படிகளை எங்களுக்குத் திருப்பி அனுப்புக. இசைந்தவர் படியைப் பெயர் நீக்கி மீண்டும் தருவோம். இசையாதவர் படியை அவர் கையாலேயே விளக்கில் இடச் சொல்வோம். கேளாமல் ஓலை அவிழ்க்க வரும் எழுத்தருக்கு, அவர் கோமகனின் மோதிரமே அணிந்து வந்தாலும், ஆதுலர்சாலைக் கதவு திறவாது. வாசலில் மோரும் சோறும் உண்டு, உண்டு திரும்பலாம். இதன்பொருட்டு இந்த நாட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வது தங்களுக்கு எளிது. கழிக்கரை அம்மை கோயிலில் பூத்தொடுக்க ஆள் வேண்டும் என்று பூசகர் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் போவேன். எனக்குப் பின் வருகிறவரிடமும் கொற்றி அதே கேள்வியைத்தான் கேட்பாள்.

தங்களைப் பணிந்து வேண்டுவதும் ஒன்று உண்டு. தலைநகரின் முரசையும் ஒருமுறை அறையச் சொல்லுக. தங்கள் ஊர் மக்களும் கேட்டால் கொடுப்பவர்களே. கேட்பது சிறிய அன்பு. அதற்குப் படை வேண்டாம், பொன் வேண்டாம். ஒரு மனிதர் முன்னால் நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு போதும். தெய்வம்கூட நம்மைக் கேட்டு வாங்கிக்கொள்ளவே விரும்புகிறது. இல்லையேல் காணிக்கை என்ற சொல்லே இராது.

கொற்றியின் மகள் இன்று பால் குடித்தாள்.

இவ்வோலையோடு வரும் சிறு கட்டு அந்தத் தாய் தனக்காகவும் மகளுக்காகவும் மனமுவந்து கொடுத்தது. குளிர்சுரம் எப்படி வந்தது, எந்தக் குளத்து நீரைக் குடித்தார்கள், எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில் உண்டு. பெயர் இராது. கொற்றி பெயரையும் மாசாத்தன் பெயரையும் இங்கே நான் எழுதியதும் அவர்கள் இசைவோடுதான். எழுதுங்கள், அந்தப் பெரிய மனுசன் என் பேரைத் தெரிந்துகொள்ளட்டும் என்றாள் கொற்றி.

வெண்கழி நாட்டுச் சங்கு முத்திரையை அடியில் பதித்தேன். எனினும் இவ்வோலையைக் கட்டியது என் கை அன்று. கொற்றியே உப்புப் பொதி முடிச்சால் கட்டித் தந்தாள். தாங்கள் இவ்வரியைப் படிக்கிறீர்கள் எனில் அதை அவிழ்த்துவிட்டீர்கள், அதற்கு அவள் இசைந்தாள். படித்து முடித்ததும் அருள்கூர்ந்து முன்பிருந்தபடியே மீண்டும் கட்டிப் பார்க்க.

கட்ட வரவில்லையெனில் வெண்கழிக்கு வருக. கேட்டால் அவள் கற்றுத் தருவாள்.